மந்தர ஸ்தாயியில் ஒரு விண்ணப்பம்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்த மடலை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதத் தொடங்கினேன். நான்கு பத்தி எழுதிப் படித்துப் பார்த்தால், கடன் கேட்டு வங்கிக்கு எழுதிய விண்ணப்பம் போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, பாட்டுக் கேட்கும்போது எந்த மொழியில் எனக்குள் பேசிக்கொள்கிறேனோ அந்த மொழியிலேயே எழுதுகிறேன். உங்கள் குழுவில் தமிழ் படிப்பவர் யாரும் இருப்பார் என்று நான் நம்பவில்லை. பரவாயில்லை. திறந்த மடல் என்பதே ஒருவர் பெயரை மேலே எழுதிவிட்டு ஊரார் முன் உரக்கப் படிப்பதுதானே. படிக்கிற தமிழ் வாசகர்கள் சாட்சியாக இருக்கட்டும்.

கோரிக்கை ஒன்றே ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1989-இல் தொடங்கி, 1999-இல் ஒரே இரவில் முடிந்துபோன ‘மார்ஃபின்’ என்ற மூவர் ராக் குழுவின் பெயரை, சிறந்த ராக் கலைஞர்களைத் தேர்ந்து பெருமைப்படுத்தும் உங்கள் மண்டபத்தின் மேசைக்குக் கொண்டுவாருங்கள். முதல் இசைத்தட்டு வெளியாகி 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. இவர்களுடைய முதல் ஆல்பமான ‘குட்’ 1992-இல் வந்தது. 2017-லேயே கணக்கு நேராகிவிட்டது. அதன் பிறகு நீங்கள் வெளியிட்ட பட்டியல்களில் நான் பார்த்தவை எதிலும் இந்தப் பெயர் இல்லை.

பெயரே இவர்களுக்கு ஒரு தடங்கல். மார்ஃபின் என்றதும் யாருக்கும் மருந்தும் போதையும்தான் நினைவுக்கு வரும். கிரேக்கர்களின் கனவுக் கடவுளான மார்ஃபியஸிலிருந்து எடுத்ததாகக் குழுவினர் சொல்லிவந்தார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பாடகரின் பெயர் மார்க் சாண்ட்மேன். குழந்தைகளின் கண்ணில் மணல் தூவித் தூங்கவைக்கும் மனிதனை மேற்கத்தியக் கதைகளில் அப்படித்தான் அழைப்பார்கள். மேடைக்காக வைத்துக்கொண்ட பெயராக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறந்தபோதே வந்த குடும்பப் பெயராம். தூக்கத்தோடும் கனவோடும் இந்த மனிதருக்கு ஏதோ முன்ஜென்மத்துக் கணக்கு இருந்திருக்க வேண்டும்.

சரி, ஒலிக்கு வருகிறேன்.

மார்ஃபினில் கிதார் இல்லை. அங்கங்கே சில பதிவுகளில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். குழுவின் அடிப்படை மூன்றே கருவிகள்: சாண்ட்மேனின் பாஸ், டேனா கோலியின் பாரிடோன் சாக்ஸபோன், டிரம்ஸ். பாஸ் கிதாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். சாண்ட்மேனின் பாஸில் இரண்டுதான். முதலில் ஒற்றைத் தந்தியில் வாசித்துக்கொண்டிருந்தவர், பிறகு மனம் இரங்கி இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டையும் ஒரே சுரத்துக்கோ, சில சமயம் சற்று இடைவெளி விட்டோ சுருதி சேர்ப்பார். இடக்கை விரலில் ஸ்லைடு என்கிற உருளையை மாட்டிக்கொண்டு, தந்தியை அழுத்தாமல் அதன் மேல் இழுத்துக்கொண்டே போவார்.

தமிழ்க் காதுக்கு இந்த வித்தை அந்நியமில்லை. கோட்டுவாத்தியம் என்றும் சித்திரவீணை என்றும் நாம் சொல்லும் கருவியில், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகளே (கிதாரில் ஃபிரெட் என்பார்கள்) கிடையாது. உருளைக் கட்டையைத் தந்தி மேல் வழுக்கவிட்டு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டும். ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று அந்த வழுக்கலுக்கே பெயர் வைத்திருக்கிறோம். உடனே, ‘எல்லாம் இங்கிருந்துதான் போனது’ என்று கிளம்பிவிட மாட்டேன். அந்த வழக்கம் எனக்கு ஆகாது. சாண்ட்மேன் வந்த வழி அமெரிக்க புளூஸ். அமெரிக்கத் தெற்கில் ஒரு பலகையில் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, புட்டியை அதன் மேல் தேய்த்து வாசித்த ஏழைகளின் கருவி ஒன்று உண்டு. டிட்லி போ என்பார்கள். சாண்ட்மேனின் பாஸ் அதன் பேரப்பிள்ளை. ஆனால் கேட்கிற எனக்கு, ராக் இசையில் முதன்முதலாகச் சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடமும் பாட்டாகிறது என்று புரிந்தது அங்கேதான்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு பழைய பாஸ் கிதார் கைக்கு வந்தபோது, இதில் என்ன பெரிய கம்ப சூத்திரம் என்று மெல்லிய தந்திகள் இரண்டையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மீதி இருந்த இரண்டையும் ஒரே சுரத்துக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே கால் மணி நேரம் ஓடிவிட்டது. விரலில் ஓர் இரும்புக் குழாயை மாட்டி இழுத்தேன். பாஸ் தந்தி கனமானது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் குழாய் ஃபிரெட்டில் மோதி ‘கடக்’ என்கிறது. அழுத்தம் குறைந்தால் தந்தி சிலம்புகிறது, சுரம் நிற்பதில்லை. ஃபிரெட்டுக்கு நேர் மேலே குழாய் நிற்க வேண்டும். ஒரு நூல் இப்படி அப்படி ஆனாலும் அபஸ்வரம். ஒரு மணி நேரம் கழித்து எனக்குக் கைவந்தது, பாரவண்டி மேடேறுவது போன்ற ஒரு சத்தம் மட்டும்தான். பின்னணி தாளத்துக்கு ஏற்ப நான்கு சுரத்தை வரிசையாக வாசிக்க முடியவில்லை. சாண்ட்மேன் இதையே வாசித்துக்கொண்டு, மேலே வாயால் பாடவும் செய்தார், அதுவும் ஏதோ மதுக்கடை மூலையில் சாய்ந்து நின்று பேசுகிறவரைப் போல அலட்டிக்கொள்ளாமல். அன்றைக்குக் கழற்றிய தந்திகளை மறுபடி மாட்டியபோது அந்த ஆளின் மேல் எனக்கு மரியாதை இரண்டு மடங்காகியிருந்தது.

அடுத்தது சாக்ஸ். ராக் பாட்டில் சாக்ஸபோன் என்றால், நடுவில் எட்டு அடி இடம் கொடுத்து, உருகி உருகி ஒரு தனியாவர்த்தனம் வாசிக்கவிட்டு, ‘நன்றி, போய்வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவதுதான் பழக்கம். கோலி விருந்தாளி இல்லை. குழுவில் கிதார் செய்ய வேண்டிய வேலை முழுக்க அவருடையது. தாளத்தை அறுத்துப்போடுவதும், பாடகருக்குப் பதில் சொல்வதும், சண்டைக்கு நிற்பதும் அந்த ஒற்றைப் பித்தளைக் குழாய்தான். பாரிடோன் என்பது சாக்ஸ் குடும்பத்தில் கனமான கருவி. கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு நின்றால் பாதி உடம்பை மறைத்துவிடும். அதன் அடிச் சுரங்கள் கிதாரின் அடித் தந்தியையும் தாண்டிக் கீழே போகக்கூடியவை. சில பாடல்களில் பாரிடோனையும், அதைவிடச் சிறிய டெனர் சாக்ஸையும் ஒன்றாக வாயில் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஊதுவார் கோலி. ஜாஸ் உலகில் ரோலண்ட் கிர்க் முன்பே செய்து காட்டிய வித்தை அது. பார்ப்பதற்குச் சர்க்கஸ் போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இரண்டு பேர் ஒரே மூச்சில் பாடுவது போல இருக்கும். ஒரே மூச்சுதானே.

பாஸ், பாரிடோன் சாக்ஸ், சாண்ட்மேனின் தணிந்த குரல் என மூன்றும் ஒரே தளத்தில், அதுவும் கீழ்த்தளத்தில் குடியிருக்கின்றன. இசையமைப்பு வகுப்பில் இதைச் செய்யாதே என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிடும் என்பார்கள். நியாயமான எச்சரிக்கைதான். சாதாரண ராக் குழுவில் நடு இடத்தைக் கிதார் பிடித்துக்கொள்ளும், பாஸ் அடியில், குரல் மேலே என்று எல்லாருக்கும் ஓர் இடம். மார்ஃபினில் நடு இடமும் மேல் இடமும் காலி. வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, சுவரை வெறுமையாக விட்டதுபோல. சேறாகாமல் போனது எப்படி? ஒருவர் பேசும்போது இன்னொருவர் சும்மா இருந்ததால். இந்தக் குழுவில் சும்மா இருப்பதுதான் பாதி வாசிப்பு. ‘புவெனா’ பாடலைக் கேளுங்கள். பாஸ் ஒரு வளைந்த பல்லவியைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது, டிரம்ஸ் கூடவே நடக்கிறது, சாண்ட்மேன் பாடத் தொடங்குகிறார். சாக்ஸ் எங்கே என்று நாம் தேடுகிறோம். அது வாசலில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும்போது முழுசாக வருகிறது. கதவு அளவு சின்னது, ஆள் பெரியவர்.

சாண்ட்மேன் இந்த இசைக்கு ‘லோ ராக்’ என்று தானே பெயர் வைத்தார். தமிழில் ‘தாழ்ந்த ராக்’ என்று போட்டால் அர்த்தமே கெட்டுவிடும். அடிச் சுரங்களின் தளத்துக்கு மந்தர ஸ்தாயி என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ‘மந்தர ராக்’ என்று சொன்னால் சரியாகப் பொருந்தும். அவசரத்தில் ‘மந்த ராக்’ என்று படித்துவிடாதீர்கள். மந்தம் என்ற சொல்லுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இவர்களைப் பலர் தவறவிட்டதற்கு ஒரு மிகச் சாதாரணமான காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவரிடம் ஒருநாள் இந்தக் குழுவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர் அங்கேயே கைபேசியை எடுத்துப் பாட்டைத் தட்டிவிட்டு, மேசை மேல் வைத்தார். ஒரு நிமிடம் கழித்து, ‘அடுத்த அறையில் யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள்’ என்றார். கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. பாஸ் கிதாரின் அடித் தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. உள்ளங்கை அளவுக் கருவியில் இருக்கும் நகக்கண் அகல ஒலிபெருக்கிக்கு அந்த ஆழத்தில் வாயே திறக்க வராது. கிதார் குழுக்கள் அதில் தப்பிப் பிழைத்துவிடும், அவர்களுடைய சரக்கு நடுவிலும் மேலேயும் இருக்கிறது. மார்ஃபினில் அடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒருவர் முணுமுணுப்பதும், தட்டுமுட்டுச் சத்தமும்தான். அதே நண்பருக்கு அடுத்த வாரம் காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தேன். ஆல்பம் முடியும்வரை பேசவில்லை. ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அது வேறு கதை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாண்ட்மேன் 1952-இல் பிறந்தவர். டாக்சி ஓட்டியிருக்கிறார், வேறு பல வேலைகள் பார்த்திருக்கிறார். 80-களில் ‘ட்ரீட் ஹெர் ரைட்’ என்ற புளூஸ் ராக் குழுவில் இருந்தார். ஆக, மார்ஃபினின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. இருபது வயதுப் பையன்கள் பெரிய கிதார்களோடு உலகத்தின் மேல் கோபித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த மனிதர் பாடியது நடுவயதின் சங்கதிகளை. உதாரணமாக ‘தர்ஸ்டே’. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு பெண்ணைச் சந்தித்து, இரண்டு பீர், ஒரு சுற்று பில்லியர்ட்ஸ் என்று தொடங்கும் பழக்கம், எதிரில் உள்ள விடுதிவரை போகிறது. பிறகு ஒருநாள் வழக்கத்தை மீறி அவள் வீட்டுக்கே போகிறான். பார்க்கக் கூடாதவர் பார்த்துவிடுகிறார். கணவன் பொல்லாதவன். கதாநாயகன் ஊரைவிட்டே ஓட வேண்டியிருக்கிறது. மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒரு முழுச் சிறுகதை. அழுகை இல்லை, உபதேசம் இல்லை. துரத்தப்படுகிறவனின் மூச்சிரைப்பைச் சாக்ஸ் பார்த்துக்கொள்கிறது.

முதல் டிரம்மர் ஜெரோம் டுப்ரீ. 1993-இல் இரண்டாவது ஆல்பம் ‘க்யூர் ஃபார் பெயின்’ உருவாகிக்கொண்டிருந்தபோது அவர் விலக, சாண்ட்மேனின் பழைய கூட்டாளி பில்லி கான்வே வந்தார். டுப்ரீ மெல்லத் தொட்டு வாசிப்பவர், ஜாஸ் கை. கான்வே ஆணி அடிப்பது போல அடிப்பவர். எனக்கு டுப்ரீயைத்தான் பிடிக்கும், ஆனால் கான்வே இல்லாமல் மேடையில் அந்தக் குழு அவ்வளவு கம்பீரமாக நின்றிருக்காது. அந்த ஆல்பத்தை சாண்ட்மேனுடன் சேர்ந்து தயாரித்தவர் பால் கோல்டரி. ரேடியோஹெட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய ராக் குழுவின் முதல் ஆல்பத்திலும் அவர் கை உண்டு. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. ரேடியோஹெட் 2019-லேயே உங்கள் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. இதைப் பொறாமையால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமைதான்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள்.

முதலாவது, விற்பனை. அமெரிக்காவின் முதல் நாற்பது பாடல்களில் மார்ஃபின் ஒருமுறையும் வந்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். விற்பனைதான் அளவுகோல் என்று நீங்களே சொல்வதில்லை என்பதால், இதை இதோடு விடுகிறேன்.

இரண்டாவது, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது. மூன்று கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவையும் கீழே மட்டும் இயங்கினால், மேலோட்டமாகக் கேட்பவருக்கு அப்படித்தான் தோன்றும். 1997-இல் வந்த ‘லைக் ஸ்விம்மிங்’ ஆல்பத்தைப் பொறுத்தவரை எனக்கே அந்தக் குறை உண்டு. பெரிய நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு வந்த முதல் ஆல்பம் அது. நடுவில் நான்கைந்து பாடல்கள், செய்த தோசையையே திருப்பிப் போட்டதுபோல இருக்கின்றன. ஆனால் ‘க்யூர் ஃபார் பெயின்’ ஆல்பத்தில் மூச்சு முட்டும் வேகத்தில் ஓடும் பாடல்களுக்கு நடுவே ‘இன் ஸ்பைட் ஆஃப் மீ’ வரும் இடத்தைக் கேட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். அங்கே சாக்ஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு மாண்டலின், ஒரு மெல்லிய குரல். பழைய காதலி தன்னால் உயரவில்லை, தன்னையும் மீறி உயர்ந்தாள் என்று ஒருவன் ஒப்புக்கொள்கிற பாட்டு. தன் அடையாளமான ஒலியைத் தானே கழற்றி வைக்கும் தைரியம் எல்லாக் குழுவுக்கும் வராது.

மூன்றாவது மறுப்புக்காகத்தான் இந்த மடலே. தாக்கம் என்று ஒன்றைக் கேட்பீர்கள். இவர்களைப் பார்த்து யார் வந்தார்கள், வாரிசு யார் என்பீர்கள். இவர்கள் காலத்துக் கிதார் குழுக்களில் நிர்வாணா 2014-இல் உள்ளே வந்தது, பேர்ல் ஜாம் 2017-இல், சவுண்ட்கார்டன் 2025-இல். அவர்களைப் போல வாசிக்க முயன்ற குழுக்களை எண்ணினால் ஒரு ரயில் நிறையும். மார்ஃபினைப் போல வாசிக்கும் குழுக்களை எண்ண எனக்கு ஒரு கையே அதிகம். இது அவர்களுடைய குறையா? எளிதில் நகலெடுக்க முடிந்ததைத் தாக்கம் என்றும், நகலெடுக்கவே முடியாததைத் தாக்கம் இல்லாதது என்றும் கணக்கு வைத்தால், அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. கிதார் வாங்கிய பையன் மூன்று பிடிகள் கற்றுக்கொண்டால் நிர்வாணாவின் ஒரு பாட்டை வாசித்துவிடலாம், அந்தக் குழுவின் பெருமையே அதில் பாதி. மார்ஃபினின் ஒரு பாட்டை வாசிக்க வேண்டுமென்றால் தந்தி கழற்றிய பாஸ் வேண்டும், பாரிடோன் சாக்ஸ் வேண்டும், அதை ஊத நுரையீரல் உள்ள நண்பன் வேண்டும், மேலே நாற்பது வயதுக் குரல் வேண்டும். எந்தக் கொட்டகையில் இது கூடும்?

அப்படியும் தாக்கம் இல்லாமல் இல்லை. சியாட்டிலிலிருந்து வந்த ‘தி பிரெசிடென்ட்ஸ் ஆஃப் தி யுனைடட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற குழுவை நினைவிருக்கும். 1995-இல் பத்து லட்சக்கணக்கில் பிரதிகள் விற்ற ஆல்பம் அவர்களுடையது. அவர்களுடைய பாடகர் கிறிஸ் பல்லூ, சாண்ட்மேனோடு சேர்ந்து வாசித்தவர். இரண்டு தந்திக் கருவி, மூன்று தந்திக் கருவி என்று அந்தக் குழு செய்த வேடிக்கைகள் எல்லாம் சாண்ட்மேனிடமிருந்து போன யோசனைகள். அதை பல்லூவும் மறைத்ததில்லை. குறைவான தந்தி என்பது ஒரு ஆளின் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வானொலியில் விடாமல் ஒலித்த பாடல்களுக்கு அடியில் அது இருந்தது. குருவின் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2025-இல் நீங்கள் ‘தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ குழுவை ஏற்றுக்கொண்டீர்கள். மகிழ்ச்சி. கிதாரும் டிரம்ஸும் மட்டும் உள்ள இருவர் குழு. பாஸ் கிதார் இல்லாமலேயே ராக் நடத்திக் காட்டினார்கள் என்று அவர்களைப் புகழ்ந்தவர்கள் பலர். பாஸ் இல்லாத குழு உள்ளே வந்துவிட்டது. கிதார் இல்லாத குழு வெளியே நிற்கிறது.

1999 ஜூலை 3. ரோம் நகருக்கு அருகே பாலஸ்ட்ரீனா என்ற பழைய ஊர். திறந்தவெளி மேடை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சாண்ட்மேன் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. வயது 46. அதோடு மார்ஃபினும் முடிந்தது. வேறொரு பாடகரைப் பிடித்து ஓட்டலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. சாண்ட்மேன் முடித்துவைத்துவிட்டுப் போன கடைசி ஆல்பம் ‘தி நைட்’ 2000-இல் வெளியானது. செல்லோ, ஆர்கன், பெண் குரல்கள் என்று வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியிருக்கும் ஆல்பம். டுப்ரீ திரும்பி வந்து, கான்வேயோடு சேர்ந்து இரண்டு டிரம்மர்கள். இவர்கள் அடுத்து எந்தத் திசையில் போகவிருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது. அந்த ஆல்பத்தை என்னால் அடிக்கடி கேட்க முடிவதில்லை. நன்றாக இல்லாததால் அல்ல.

நண்பர்கள் அதே ஆண்டு ‘ஆர்க்கெஸ்ட்ரா மார்ஃபின்’ என்று ஒரு பெரிய கூட்டமாகச் சேர்ந்து, அந்தப் பாடல்களை ஊர் ஊராக வாசித்தார்கள். கேம்பிரிட்ஜில் சென்ட்ரல் ஸ்குவேர் பகுதியில், மிடில் ஈஸ்ட் என்ற இசை விடுதிக்கு வெளியே உள்ள தெருமுனைக்கு ‘மார்க் சாண்ட்மேன் ஸ்குவேர்’ என்று நகரம் பெயர் வைத்தது. கோலி ‘வேப்பர்ஸ் ஆஃப் மார்ஃபின்’ என்ற பெயரில் அந்தப் பாடல்களைத் தொடர்ந்து வாசித்துவந்தார். கான்வே 2021-இல் காலமானார். ஒரு தெருமுனை நினைவு வைத்திருப்பதை ஒரு மண்டபம் நினைவு வைக்கக் கூடாதா என்று கேட்க நினைத்து எழுதி, பிறகு அடித்தேன். பிறகு மறுபடி எழுதியிருக்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களிடம் பொது வாக்குச் சீட்டில் இந்தப் பெயரை வைத்தால் தேறாது. பெயர் தெரிந்தவருக்குத்தான் வாக்கு விழும், அது மனித இயல்பு. ஆனால் பொது வாக்கெடுப்புக்குப் போகாமல் தேர்வுக் குழுவே முடிவு செய்யும் விருதுகளும் உங்களிடம் இருக்கின்றன. இசைத் திறனுக்கான விருது என்று ஒன்று உண்டு. தனித்தன்மையும் தாக்கமும் உள்ள கலைஞர்களுக்கு என்று அதற்கு நீங்களே வரையறை எழுதியிருக்கிறீர்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 2022-இல் வந்தது அந்த வழியில்தான். பொதுச் சீட்டில் பலமுறை பெயர் வந்தும் தேறாத கிராஃப்ட்வெர்க் குழுவை 2021-இல் இன்னொரு விருதின் வழியாக உள்ளே அழைத்தீர்கள். வழி இருக்கிறது, நீங்கள் நடந்து பழகிய வழிதான். மார்ஃபினை அந்த வழியில் அழைக்கலாம்.

அப்படி அழைத்தால் நான்கு பெயர்களையும் அழையுங்கள்: சாண்ட்மேன், கோலி, டுப்ரீ, கான்வே. மூவர் குழுதானே என்று ஒரு டிரம்மரை விட்டுவிட வேண்டாம். இந்த மாதிரி விழாக்களில் டிரம்மரைத்தான் முதலில் மறப்பார்கள்.

கிளீவ்லாந்தில் இருக்கும் உங்கள் அருங்காட்சியகத்தைப் பற்றியும் ஓர் ஆசை உண்டு. கண்ணாடிப் பெட்டிகளில் எத்தனையோ புகழ்பெற்ற கிதார்களை வைத்திருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவில் இரண்டே தந்தியுள்ள ஒரு பாஸ் இருப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். வருகிற கூட்டத்தில் ஒரு சிறுமி நின்று, ‘மீதித் தந்தி எங்கே? யாராவது திருடிவிட்டார்களா?’ என்று காவலாளியிடம் கேட்பாள். அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர் பட்டியலில் இல்லாத ஒரு ரசிகன்

பி.கு.: குழுவின் கூட்டத்தில் இவர்களைப் போட்டுக் கேட்பதாக இருந்தால், தயவுசெய்து கைபேசியிலோ மடிக்கணினியிலோ வேண்டாம். அடி ஒலி கேட்கும் ஒலிபெருக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ‘குட்’ ஆல்பத்தின் ‘யூ லுக் லைக் ரெயின்’ பாடலில் தொடங்குங்கள். மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தால் எடுக்க வேண்டாம், இருக்கட்டும். சாண்ட்மேன் தந்தியை இழுக்கும்போது தண்ணீரைப் பாருங்கள்.